அறுபத்தைந்து மதிப்பெண்

எட்மண்ட் கோவால் இருபத்தொன்பது வருடம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அத்தனை வருடத்தில் அவர்மேல் ஒரு புகார் கிடையாது. முப்பதாவது வருடம் கைதவறி உண்மையை எழுதிவிட்டார்.

நடந்தது இதுதான். அவருடைய வகுப்பில் பதினோரு பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வரவில்லை. தேர்ச்சிக்கு அறுபத்தைந்து மதிப்பெண் வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எல்லா ஆசிரியர்களும் அறுபத்தைந்து போட்டு மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவது வழக்கம். எட்மண்டும் தள்ளியவர்தான். மதிப்பெண் அட்டை எழுத வேண்டிய அன்று, காலைப் பூசையில் பாதிரியார் பொய்ச்சாட்சியைப் பற்றிப் பேசியிருந்தார். அது மனதிலேயே நின்றுவிட்டது. பதினோரு அட்டையிலும் நாற்பது போட்டு, "இந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஒரு வாரத்தில் நகரக் கல்வி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பதினோரு மாணவர்களின் தன்னம்பிக்கைக்கும், ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்கும் அவர் ஊறு விளைவித்துவிட்டாராம். விசாரணை முடியும்வரை வகுப்பறைப் பக்கம் போகக் கூடாது. சம்பளம் முழுதாக வரும். தினமும் காலை எட்டுப் பத்திலிருந்து மதியம் இரண்டு ஐம்பத்தைந்துவரை, 'பணியமர்வுக் காத்திருப்பு மைய'த்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கும் வேறொருவர் அறுபத்தைந்து போட்டு ஏழாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். எட்மண்டுக்கு வருத்தம்தான். ஆனாலும் உண்மைக்காகத் தண்டனை பெற்ற மனிதன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதை அவர் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

மையம் முன்பு ஒரு டயர்க் கடையின் காட்சிக்கூடமாக இருந்த இடம். தெருவைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோருக்கும் உள்ளே பதினான்கு ஆசிரியர்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது தெரியும். அதனால் உள்ளே இருந்தவர்கள் அதை 'மீன்தொட்டி' என்றார்கள்.

முதல் நாள் எட்மண்ட் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுந்துருங்க, எட்," என்றார் பக்கத்தில் இருந்த மீசைக்காரர். பெயர் லைல் ஃபெரிஸ், வரலாற்று ஆசிரியர், மீன்தொட்டிக்கு வந்து நாலு வருடம். "அது ஆக்னஸ் அம்மாவோடது. பதினோரு வருஷமா அவங்க அதுலதான் உக்காந்திருக்காங்க."

"பதினோரு வருஷமா? என்ன குற்றம் பண்ணாங்க?"

"அவங்களுக்கும் மறந்துபோச்சு. ஃபைல் வாரியத்துல தொலைஞ்சுபோச்சு. கேட்டா கண்டுபிடிச்சுருவாங்களோன்னு அவங்க கேக்கறதும் இல்ல."

லைல் ஃபெரிஸுக்கு ஒரு கொள்கை உண்டு. பள்ளிக்கூடத்தை அரசாங்கம் நடத்தவே கூடாது என்பார். "ஒரு செருப்புக் கடைக்குப் போறோம். கால்ல சேரல. என்ன பண்ணுவோம்? அடுத்த கடைக்குப் போவோம். இங்க நம்ம வீட்டு முகவரியப் பாத்து, உன் கடை இதுதான்னு அவனே சொல்லிடறான். செருப்பு சேரலைன்னா கால்மேல தப்புன்னு எழுதறான். நீங்க கடைக்கே போகலைன்னாலும் பில்லு வீட்டுக்கு வந்துடும்."

எட்மண்டுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஊரில் பள்ளி வரிக்கு வாக்கெடுப்பு நடந்தபோதெல்லாம் 'சரி' என்று வாக்களித்தவர் அவர். "அந்த அரசாங்கச் சம்பளத்தத்தான நாலு வருஷமா வாங்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுதான் என்னோட ஆராய்ச்சி," என்றார் லைல், முகத்தில் சலனமில்லாமல். "ஒண்ணுமே செய்யாதவனுக்கு எவ்வளவு நாள் குடுப்பாங்கன்னு பாக்கறேன். இதுவரைக்கும் முடிவு தெரியல."

மையத்துக்கு ஒன்பது விதிகள். வாசலில் மாட்டியிருந்தார்கள். ஏழாவது விதி: 'இம்மையத்தில் கற்பித்தல் சார்ந்த எச்செயலும் நடைபெறலாகாது.' கற்பித்தால் அது பணி, பணி செய்தால் அவர் பணியிடைநீக்கத்தில் இல்லை, பணியிடைநீக்கத்தில் இல்லாதவருக்கு விசாரணை இல்லை என்று வாரியம் விளக்கம் கொடுத்திருந்தது. ஆசிரியர் சங்கமும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. நவம்பரில் ஒரு நாள் வாரியத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, 'மாணவர் கவனத்தை ஈர்ப்பது எப்படி' என்று மூன்று மணி நேரம் அவர்களுக்கு வகுப்பெடுத்தார். ஆறு பேர் தூங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்.

விதிகளுக்கெல்லாம் காவல் ஷர்லீன் பிக்கெட். முப்பத்திரண்டு வயது இருக்கும். நீலச் சீருடை போட்டு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு ஆசிரியரும் உள்ளே வரும்போது வருகைத்தாளில் டிக் அடிப்பது அவள் வேலை. ஆள் முகத்தைப் பார்ப்பாள், தாளில் விரலால் வரிசையை எண்ணுவாள், டிக் அடிப்பாள். எட்மண்டைப் பார்க்கும்போது மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பாள். பனி கொட்டுகிற நாளில் அவர் கோட்டைத் தானே வாங்கி, ஹீட்டர் பக்கத்தில் மாட்டுவாள். மற்றவர்களுக்கு அப்படிச் செய்ததில்லை. நல்ல பெண் என்று எட்மண்ட் நினைத்துக்கொண்டார். ஜெபமாலை சொல்லும்போது அவளுக்கும் ஒரு மணி உருட்டினார்.

ஜனவரியில் ஆக்னஸ் அம்மா ஓய்வுபெற்றாள். 'பதினோரு வருட ஓயாத உழைப்புக்கு' என்று எழுதிய கேடயத்தோடு வாரியம் கேக்கும் அனுப்பியது.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்கு, முதுகில் பையோடு ஒரு இளம் பெண் மீன்தொட்டிக்குள் வந்தாள்.

"நான் பதில் ஆசிரியை. மிஸ்டர் கோவால் இன்னிக்கு வரலையாமே, அவருக்குப் பதிலா அனுப்பியிருக்காங்க. அவர் நாற்காலி எது?"

"இதுதான்," என்றார் எட்மண்ட், அதில் உட்கார்ந்தபடியே. "நான்தான் கோவால்."

அவள் கைபேசியைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க சார். வருகைத்தாள்ல நீங்க இல்ல."

"ஆனா இங்க இருக்கேனே."

"அது தெரியுது சார். ஆனா தாள்ல இல்லையே. கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? நான் உக்காந்தாத்தான் எனக்கு நாள் கணக்கு."

எட்மண்ட் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து, இரண்டு ஐம்பத்தைந்துவரை சுவரோரம் நின்றார். பதில் ஆசிரியை போகும்போது வழக்கப்படி ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனாள். 'வகுப்பு அமைதியாக இருந்தது. ஒருவர் மட்டும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்.' மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அவளோடு துணைக் கண்காணிப்பாளர் டாக்டர் மார்ஜரி வாஸும் வந்தாள். வாரியத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"மூணு நாளா நீங்க வரலையே, மிஸ்டர் கோவால்."

"வந்திருந்தேங்க."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நானே இருந்தேன். இவங்க எல்லாரும் பாத்தாங்க."

"அதெல்லாம் ஆதாரம் ஆகாது. கண்ணால பாத்தத நம்பி ஒரு நிறுவனம் நடத்த முடியுமா? வருகைத்தாள்தான் ஆதாரம்." டாக்டர் வாஸ் திரும்பினாள். "டிக் அடிக்கறது யாரு?"

ஷர்லீன் தாளை நீட்டினாள். எட்மண்ட் எட்டிப் பார்த்தார். பெயர்கள் பணிமூப்பு வரிசையில் அச்சடிக்கப்பட்டிருந்தன. ஆக்னஸ் அம்மா இருந்தவரை முதல் வரி அவளுடையது, இரண்டாவது எட்மண்டுடையது. அவள் போனபின் எல்லாப் பெயரும் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. இப்போது முதல் வரியில் 'கோவால், எட்மண்ட்.' அந்த வரியில் டிக் இல்லை. அதற்குக் கீழே எல்லா வரியிலும் இருந்தது. கடைசிப் பெயருக்கும் கீழே, ஒன்றுமே எழுதாத வெற்றிடத்திலும் ஒரு டிக் இருந்தது.

எட்மண்டுக்குப் புரிந்துவிட்டது. அவள் பெயரைப் படித்து டிக் அடிக்கவில்லை. இடத்தை எண்ணி அடிக்கிறாள். ஷர்லீன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையும் அவருக்குப் பழக்கமானதுதான். பதினோரு பிள்ளைகளின் முகத்தில் பார்த்த அதே பார்வை.

"தப்பு என்னுடையது," என்றார். "மூணு நாளும் பின்வாசல் வழியா வந்துட்டேன். இவங்க என்னைப் பாக்கல."

அந்தக் கட்டடத்துக்குப் பின்வாசலே கிடையாது. டாக்டர் வாஸ் அதை விசாரிக்கவில்லை. அவர்மேல் இரண்டாவது குற்றச்சாட்டை எழுதிக்கொண்டு, ஒரு புது உத்தரவும் போட்டாள். இனிமேல் வருகைத்தாளில் பெயர் வரிசை தினமும் மாற்றி அச்சடிக்கப்படும். காவலாளி பெயரைப் படித்து டிக் அடிக்க வேண்டும், ஆசிரியர் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு தவறு நடந்தால் காவலாளிக்கு வேலை இல்லை.

அன்று எல்லோரும் போனபின் ஷர்லீன் கேட்டாள். "எனக்காக எதுக்குப் பொய் சொன்னீங்க, மிஸ்டர் கோவால்?"

"உங்களுக்குப் படிக்க…"

"என் பேரு படிப்பேன். பஸ் நம்பர் படிப்பேன்." ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டாள். "பள்ளிப்படிப்பு முடிச்ச சான்றிதழ்கூட இருக்கு. சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். அதுல என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியாது."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"இந்த ஊர்தான்."

எட்மண்டுக்குக் கோபம் வந்தது. அரிதாக வருகிற கோபம். "எந்த மகராசன் உங்கள பாஸ் போட்டு அனுப்பினானோ."

ஷர்லீன் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "நல்ல மனுஷன்தான் அவர்," என்றாள்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பாடம் ஆரம்பமாயிற்று. புத்தகம் கொண்டுவந்தால் ஏழாவது விதி. அதனால் வருகைத்தாளையே பாடப்புத்தகமாக்கினார். பதிமூன்று பெயர்கள். ஃபெரிஸில் எத்தனை ஒலி, கோவாலில் எத்தனை. ஒரு வாரத்தில் பெயர்கள் முடிந்தன. அதுவரை ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுகிற வரியைப் பார்த்தே டிக் அடித்துச் சமாளித்தாள். பிறகு வாசலில் மாட்டியிருந்த விதிகள். ஒன்றாம் விதியில் மூன்று நாள் நின்றாள். ராத்திரி வீட்டில் காலை உணவுத் தானிய அட்டைப்பெட்டி, மருந்துப் பாட்டில் எல்லாவற்றையும் படித்துப் பார்த்ததாகச் சொல்வாள். "பத்து வருஷமா நான் வாங்கற சோப்பு நாய்க்குப் போடறதாம், மிஸ்டர் கோவால்," என்றாள் ஒரு நாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

லைல் ஃபெரிஸ் தூரத்திலிருந்து பார்த்தபடி இருந்தார். "இந்த ஊர்லயே உருப்படியாப் பாடம் நடக்கற இடம் இதுதான்," என்றார். "கட்டாயம் இல்ல. படிக்கறவங்க விரும்பி வர்றாங்க, சொல்லிக்குடுக்கறவர் விரும்பிச் சொல்லிக்குடுக்கறார். சீக்கிரம் மூடிடுவாங்க."

அவர் சொன்னது பலித்தது. ஒருவர் கற்பித்தால் எல்லோரையும் கற்பிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று சங்கம் பயந்தது. கற்பித்தால் விசாரணையே செல்லாமல் போய்விடும் என்று வாரியம் பயந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக இரு தரப்பாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று விசாரணை.

அதற்கு முந்தின நாள், தவக்காலத்துக்கு முன் போலிஷ் வீடுகளில் செய்கிற பழக்கூழ் வைத்த பொன்ச்கிப் பலகாரத்தை எட்மண்ட் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். சங்கத்துக்குத் தகவல் சொன்னவருக்கும் இரண்டு கொடுத்தார். யார் என்று அவருக்குத் தெரியும். விதி மீறி நல்லது செய்தவன் என்ற அந்தச் சின்னப் பெருமை இப்போது கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

மறுநாள் காலைப் பூசையில் நெற்றியில் இட்ட சாம்பலோடு வாரியக் கட்டடத்துக்குப் போனார். ஷர்லீனைச் சாட்சியாக வரச் சொல்லியிருந்தார்கள். சீருடையிலேயே வந்து கதவோரம் நின்றாள்.

"உங்க நெத்தியில ஏதோ இருக்கு," என்றாள் டாக்டர் வாஸ்.

"தெரியுங்க."

"சரி, பதிவுல குறிச்சுக்கறேன்." குறித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். டாக்டர் வாஸ் கெட்டவள் இல்லை. தான் சொல்வதை நம்புகிறவள். "மிஸ்டர் கோவால், நாம லாபத்துக்குக் கடை நடத்தல. அதனாலதான் நாம நஷ்டப்படவே முடியாது. நம்மகிட்ட வர்ற பிள்ளைங்க யாரும் திரும்பிப் போறதில்ல, ஏன்னா போக வேற இடம் இல்ல. இத நான் குறையாச் சொல்லல, இதுதான் நம்ம பலம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேருக்குச் சான்றிதழ் குடுக்கறோம். மீதி ரெண்டு பேரு சில உணர்ச்சிவசப்பட்ட ஆசிரியர்களால வர்றது. இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பெண்மணிக்கு நம்ம சான்றிதழ் இருக்கு. நம்ம சான்றிதழ் இருந்தா அவங்களுக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு யாரும் படிப்புச் சொல்லிக்குடுக்க முடியாது. அப்ப நீங்க சும்மா பேசிக்கிட்டிருந்தீங்க, அவ்வளவுதான். அப்படிச் சொல்லிடுங்க. எல்லாக் குற்றச்சாட்டையும் மூடிடறேன். திங்கட்கிழமை உங்க வகுப்புக்குப் போகலாம்."

சங்கத்துக்காரர் பக்கத்தில் தலையாட்டினார்.

எட்மண்டின் மனது தன் வகுப்பறைக்குப் போய்விட்டு வந்தது. சுண்ணக்கட்டி வாசனை, ஜன்னலோரப் பிள்ளைகள். "எனக்கு யோசிக்க…" என்று ஆரம்பித்தார். டாக்டர் வாஸ் ஒரு பழைய அட்டையை மேஜைமேல் நகர்த்தினாள்.

"யோசிக்க என்ன இருக்கு? அவங்க படிப்பாங்கன்னு சான்று குடுத்ததே நீங்கதானே."

ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டை. ஷர்லீன் மே டாட்ஸன். கல்யாணத்துக்கு முந்தின பெயர். ஆங்கிலம், அறுபத்தைந்து. தேர்ச்சி. கீழே ஒரு கையெழுத்து. ஆங்கில 'கே' எழுத்தின் காலைச் சுழித்து மேலே தூக்கிப் போடுகிற கையெழுத்து. இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படிப் போடுவார்.

எட்மண்ட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் சின்ன வயது முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. எந்த பெஞ்சில் உட்கார்ந்தாள், குரல் எப்படி இருந்தது, ஒன்றும் வரவில்லை. இருபத்தொன்பது வருடமாக எல்லா ஆசிரியர்களும் செய்கிற வழக்கம்தானே என்று அவர் நினைத்திருந்த காரியம் அது. பதினோரு பேருக்கு நாற்பது போட்ட பெருமை, பின்வாசல் பொய்யின் பெருமை, பாடம் சொல்லிக்கொடுத்த பெருமை, எல்லாம் அந்த அட்டைமேல் வந்து விழுந்தன.

"இது பொய்," என்றார். "இந்தக் கையெழுத்து என்னுடையது. மதிப்பெண் பொய். அன்னிக்கு இவங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கல. அதனாலதான் இப்ப சொல்லிக்குடுத்தேன். இவங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு…"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அறையில் எல்லோரும் கதவோரம் நின்ற ஷர்லீனைப் பார்த்தார்கள். தன் மனச்சாட்சியைக் கழுவுகிற அவசரத்தில் அவளை ஊரார் முன்னால் நிறுத்திவிட்டது எட்மண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வேலையும் போய்விடும். இரண்டாவது முறையும் அவளுக்குக் கெடுதல் செய்தவர் அவரே.

"மிஸஸ் பிக்கெட்," என்றாள் டாக்டர் வாஸ், "இது உண்மையா?"

ஷர்லீன் மேஜைக்கு வந்து, கோப்பிலிருந்த விதிகள் தாளை எடுத்தாள். ஏழாவது விதியில் விரலை வைத்தாள்.

"இம்… மையத்… தில்," என்று ஆரம்பித்தாள். 'கற்பித்தல்' என்ற சொல்லிடம் வந்து நின்றாள். பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். சங்கத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்மண்ட் மேஜைக்கடியில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், ஜெபம் வரவில்லை. அவள் உதடு அசைவதோடு தன் உதட்டையும் அசைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வாக்கியம். நாலு நிமிடம் ஆயிற்று. "நடை… பெற… லாகாது," என்று முடித்துத் தாளைக் கீழே வைத்தபோது அவள் மேலுதட்டில் வியர்த்திருந்தது.

டாக்டர் வாஸின் முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா? படிக்கறாங்க. சான்றிதழ் சரிதான். அவங்க வேலைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல." பேனாவை எடுத்தாள். "ஆனா மிஸ்டர் கோவால், படிக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்குப் பாடம் நடத்தினதா நீங்களே ஒப்புக்கிட்டீங்க. வாரியத்தோட மதிப்பெண்ணப் பொய்னு வேற சொல்லிட்டீங்க. விசாரணை தொடரும். அதுவரைக்கும் மையத்துலயே இருங்க."

வெளியே பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். எட்மண்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"முதல் நாளே என்னைத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வெக்கப்பட்டு, சொல்லிக்குடுக்காம விட்டுடுவீங்களோன்னுதான்." ஷர்லீன் தெருவைப் பார்த்தபடி பேசினாள். "நான் ஹீட்டர் பக்கத்து வரிசை. ஒரு தடவை கையுறை இல்லாம வந்தேன்னு உங்க கையுறையக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"பெரிசா இருந்துச்சு. அந்தக் குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கிட்டேன். நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க, மிஸ்டர் கோவால். படிப்புதான் வரல." பஸ் எண்ணைப் பார்த்தாள். அவர்களுடையது இல்லை. "அந்த அட்டைய அம்மா ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சாங்க. அறுபத்தஞ்சு. பாஸ். எங்க வீட்ல அன்னிக்குக் கேக் வாங்கினோம்."

அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்கு எட்மண்ட் மீன்தொட்டியின் வாசலில் நின்றார். நெற்றிச் சாம்பலை நேற்றே கழுவியிருந்தார். அன்றைய தாளில் பெயர்கள் வேறு வரிசையில் இருந்தன. ஷர்லீன் மேலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வரியில் நிறுத்தினாள்.

"கோ… வால். எட்… மண்ட்." டிக் அடித்துப் பேனாவைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். "கையெழுத்து."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டத்துக்கு மேலே கை அப்படியே நின்றது. அவர் கையெழுத்துப் போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. இருபத்தொன்பது வருடம், வருடத்துக்கு எத்தனை அட்டை, அதில் எத்தனை அறுபத்தைந்து, எத்தனை வீட்டில் கேக்.

"போடுங்க, மிஸ்டர் கோவால்," என்றாள் ஷர்லீன் மெதுவாக. "பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. இது உண்மைதான், நீங்க வந்திருக்கீங்க."

அவர் போட்டார். 'கே' எழுத்தின் காலை மட்டும் இந்தமுறை சுழிக்கவில்லை.